மணிக்கு மூன்று வாகனம்

சனி, 18 ஒக்ரோபர்

காலை முழுக்கக் காற்று. மெல்பேணின் இந்த டார்னெய்ட்டில் காற்றில்லாத நாள் என்று ஒன்று இருந்தால் யாராவது எனக்குக் காட்டட்டும். காயப்போட்ட துவாய் பக்கத்து வீட்டு வேலியில்.

வாங்க வேண்டியது: பாண், கடலைப்பருப்பு, அவருடைய கொலஸ்ரரோல் குளிசை, என் ஹெல்மெற்றுக்கு நாடிப்பட்டி.

இந்தக் கொப்பி ஆஸ்பத்திரி நர்ஸின் யோசனை. “பயத்தை எல்லாம் அவரிடம் கொட்டாதே, எழுதி வை” என்றாள். ஜூனில் குகனுக்கு இதயத்தில் ஸ்ரென்ட் வைத்த போது சொன்னது. நான்கு மாதம் கழித்து இன்றுதான் கொப்பி வாங்கினேன். குகன் இனி இதில் கு. மட்டும். என் மனுசனுக்கு ஒரு எழுத்துக்கு மேல் இடம் இல்லை, அவ்வளவு கோபம்.

காரணம்: நவம்பர் 8, போர்ட் ஃபெயரியிலிருந்து கொரொய்ட், டவர் ஹில் எரிமலை வாயைச் சுற்றி, திரும்பக் கடற்கரை. 48 கி.மீ. சைக்கிளில். இரண்டு பேரும். முடிவு செய்துவிட்டார், மோட்டலும் புக் பண்ணியாகிவிட்டது.

கு.வின் தொழில் வீதியோரம் இருந்து வாகனம் எண்ணுவது. கவுன்சில்களுக்கு எண்ணிக் கொடுக்கிற கொம்பனி. போன மாதம் விடுமுறை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், ஒவ்வொரு சந்தியிலும் காருக்குள் இருந்து தனக்காக எண்ணினார். நான் பக்கத்தில் தேத்தண்ணி போத்தலோடு. இப்போது எட்டுத் தாள், ஒவ்வொன்றிலும் ஒரு வீதி: தார் எப்படி, ஏற்றம் எவ்வளவு, மாடு கடக்குமா, மணிக்கு எத்தனை வாகனம். மூன்றுக்கு மேற்படாத வீதிக்குப் பச்சை நிறம். “பாரும், எவ்வளவு அமைதி” என்று காட்டுகிறார், பிள்ளையின் ரிப்போர்ட் காட்டுவது போல.

பயங்கள் (நர்ஸ் சொன்னபடி):
1. பால் பவுசர், பால் ஏற்றுகிற தாங்கி லொறி. அந்தப் பக்கம் முழுக்கப் பால் பண்ணை. இருபத்தாறு சக்கர லொறி பின்னால் வந்தால் நான் பள்ளத்துக்குள்.
2. பாம்பு.
3. மக்பைப் பறவை. தலையில் கொத்தும்.
4. எரிமலை. தூங்குகிறதாம். தூங்குகிறவர் எழும்பமாட்டார் என்று யார் சொன்னது?
5. கு.

ஐந்தாவதைப் பற்றி இன்று எழுத முடியாது.

செவ்வாய், 21 ஒக்ரோபர்

மழை. வேலை. காலையில் மட்டும் இருபத்திரண்டு பேருக்கு இரத்தம் எடுத்தேன். ஒரு கிழவர் ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, “எனக்கென்ன பயம், மனிசிக்குத்தான் பயம்” என்றார். மனிசி வெளியே கதிரையில் இருந்து சஞ்சிகை வாசித்துக்கொண்டிருந்தா.

எல்லா ஆம்பிளைகளும் இப்படித்தான் போல.

பின்னேரம் கு. கராஜுக்குப் போய் அரை மணி நேரம். ரயருக்குக் காற்றாம். மழைக்குள் எங்கே ஓடப்போகிறார் என்று கேட்டேன். கை கழுவப் போய்விட்டார். சாப்பாடு குறைவு, புட்டில் பாதி மிச்சம்.

ஞாயிறு, 26 ஒக்ரோபர்

வெயில், மெல்லிய காற்று. பயிற்சி: மவுண்ட் கொட்ரல். பெயர்தான் மலை. அதுவும் பழைய எரிமலைதான், தோசையைக் கவிழ்த்த மாதிரி ஒரு மேடு. போய்வர 31 கி.மீ. நான் முன்னால், கு. பின்னால். என் ஹாண்டிலில் கண்ணாடி பூட்டியிருக்கிறேன், லொறி பார்க்க என்று சொல்லி. லொறி பார்க்க அல்ல.

ஏற்றத்தில் இரண்டு தரம் நின்றார். “நீர் முன்னால போம், நான் ஒரு படம் எடுத்துட்டு வாறன்.” கல்வேலியைப் படம். பிறகு ஒன்றுமேயில்லாத புல்லைப் படம். இந்த வயதில் கலைஞர் ஆகிறார்.

“எங்க, காட்டுங்கோ பாப்பம்” என்றேன்.

“பிறகு காட்டிறன். இப்ப வெயில், ஸ்கிரீன் தெரியாது.”

வீடு வந்ததும் தாளில் பென்சிலால் சின்னப் புள்ளி வைக்கிறார். மற்ற நாள் பயிற்சித் தாள்களிலும் கண்டிருக்கிறேன். இது என்ன புள்ளி என்று கேட்டேன். “அதோ? வடிவான இடம். நிண்டு பாக்க.” எதையும் குறிக்காமல் விடமாட்டார். சமையலுக்கு உப்புக் கூடினால்கூட எங்கேயோ எழுதி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பையை நான்தான் அடுக்குவது. கு.வின் சீற்றுக்குக் கீழே கொழுவுகிற சின்னக் கறுப்புப் பை: ரியூப் ஒன்று, பேரீச்சம்பழம், தாள்கள், நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசைப் போத்தல் அதன் பெட்டியோடு. நெஞ்சு நொந்தால் ஒன்று, ஐந்து நிமிஷத்தில் குறையாவிட்டால் இன்னொன்று, அதற்கும் கேட்காவிட்டால் அம்புலன்ஸ். ஓகஸ்டில் நான் வைத்த பெட்டி, வைத்தபடியே. ஒவ்வொரு தரமும் பை அடுக்கும்போது பெட்டி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறேன். இன்னும் தேவைப்படவில்லை. அதற்காகவாவது கும்பிட வேண்டும்.

புதன், 29 ஒக்ரோபர்

சண்டை.

போகவேண்டாம் என்றேன். டொக்டர் சைக்கிள் ஓடச் சொன்னவர் என்றார். டொக்டர் ரோட்டோரப் பாதையில் அரை மணி நேரம் சொன்னவர், 48 கி.மீ. எரிமலையைச் சுற்றச் சொல்லவில்லை என்றேன்.

“சாந்தி, இருவத்தெட்டு வருஷமா மற்றவன் போற வாகனத்தை எண்ணினன். ஒரு நாள் வாகனமில்லாத ரோட்டில நான் போகவேணும். அவ்வளவுதான்.”

சொதி சூடாக்கினேன்.

சிட்னி வென்ட்வேர்த்வில்லிலிருந்து அக்கா போன். அவவிடம் சொன்னது பிழை. “எடி, அந்தாளை உந்த வெயிலுக்குள்ள விடாத” என்று அரை மணி நேரம். பிறகு வழக்கம் போல கலண்டர். சிட்னிக் கோயில் கலண்டர் அவவின் குசினிச் சுவரில். எங்கள் குடும்பத்தில் யார் எங்கே போனாலும் நேரம் வருவது அந்தச் சுவரிலிருந்துதான்.

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. பயம் இருக்கிறது. இரண்டும் வேறு.

செவ்வாய், 4 நவம்பர்

குதிரைப் பந்தய விடுமுறை. ஊர் முழுக்கத் தொப்பி. நாங்கள் ஹெல்மெற்.

40 கி.மீ. மூன்று தரம் படம். மூன்றாவது தரம் கண்ணாடியில் பார்த்தேன்: சைக்கிளைச் சரித்து வைத்துவிட்டு, எனக்கு முதுகு காட்டிக்கொண்டு, பின்னால் பையைத் தடவிக்கொண்டு நின்றார். பேரீச்சம்பழமாக இருக்கும். திரும்பி வரும்போது முகம் தெளிவு. “இந்த முறை நல்ல படம்” என்றார்.

ஒரு விஷயம் இன்று விளங்கியது, விளங்கியிருக்க வேண்டாம். அந்தப் பின்வீதியில் நாற்பது நிமிஷத்தில் ஒரே ஒரு கார். கு.வுக்குச் சந்தோஷம். எனக்கில்லை. அமைதியான வீதி என்றால் கூப்பிட்டால் கேட்க ஆளில்லாத வீதி. அவருடைய பச்சை நிறத் தாள் ஒவ்வொன்றும் அதுதான். இத்தனை நாளும் லொறி வந்துவிடும் என்று பயந்தேன். இன்று முதல் லொறி வராவிட்டால் என்ன என்றும் பயம்.

ஐந்தாவது பயத்தை எழுதிவிடுகிறேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார், நான் மட்டும் இருப்பேன். இதுதான். எழுதினால் குறையும் என்றாள் நர்ஸ். குறையவில்லை.

வெள்ளி, 7 நவம்பர்

காரில் மூன்றரை மணி. கொலாக் தாண்டினதும் வயல் முழுக்கக் கருங்கல். எரிமலை துப்பின கல்லைப் பொறுக்கி அடுக்கியே வேலி கட்டியிருக்கிறார்கள், சீமெந்து இல்லை. கு. காரை மெதுவாக்கி மெதுவாக்கிப் பார்த்தார். ஒரு படமும் எடுக்கவில்லை, அவ்வளவு கல் இருந்தும். ஓட்டுகிறபடியால் என்று நினைத்தேன்.

போர்ட் ஃபெயரி. கடல் மணம், பைன் மரங்கள். மோட்டல் சுத்தம், குசினியில் கெற்றில் மட்டும். மோட்டல்காரப் பெண் எங்கள் சைக்கிள்களைப் பார்த்து, “நாளைக்கு மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பும், நேரத்தோடு போங்கள்” என்றாள்.

ஆக, காலை 8.30க்கு வெளிக்கிடுகிறோம். பை அடுக்கியாயிற்று. பெட்டி இருக்கிறது.

சனி, 8 நவம்பர், காலை

9.45. இன்னும் மோட்டலில். கு.வின் முன் ரயர் இரவே இறங்கிவிட்டது, மாற்றினால் புது ரியூபும் ஓட்டை. கு. கடைக்குப் போய் வேறு வாங்கி வந்து, இப்போது வாசலில் குந்தியிருந்து பூட்டுகிறார். பேச்சுக் கொடுக்கக் கூடாது.

அக்கா போன். “வெளிக்கிட்டாச்சோ?”

இல்லை என்றேன்.

“ஐயோ. சனிக்கிழமை ராகு காலம் ஒம்பதில இருந்து பத்தரை. டேலைட் சேவிங்குக்கு ஒரு மணித்தியாலம் கூட்டு. பத்துக்குத் துவங்குது. உடன வெளிக்கிடுங்கோ.”

ரயரைச் சொன்னேன்.

“அப்ப பையை எடுத்துக்கொண்டுபோய் வெளியில வை. வாசலுக்கு வெளியில, போற பக்கமா. பத்துக்கு முன்னம் வை. அதோட பயணம் துவங்கினதுதான். பிறகு எப்ப வெளிக்கிட்டாலும் பரவாயில்லை.”

எங்கள் வீட்டில் எல்லோரும் செய்வதுதான். பரீட்சைக்கு, விசா நேர்முகத்துக்கு, விமானத்துக்கு. கு.வின் சீற்றிலிருந்து பையைக் கழற்றி, படலையடியில் வைத்துவிட்டு வந்தேன். யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் ரோஸ்மேரிச் சாடிக்குப் பின்னால். 9.53.

கு. பார்த்துச் சிரித்தார். “இப்ப ராகு எங்களைத் தேடி ரூமுக்கு வருவார், நாங்கள் ஏற்கனவே போயிட்டம்.”

சனி, பின்னேரம், ஆஸ்பத்திரி

ஜக்கற் பைக்குள் இருந்த கொப்பியை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து விளங்காது. பரவாயில்லை.

உயிரோடு இருக்கிறார். முதலில் அதை எழுதுகிறேன்.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். 10.25க்கு வெளிக்கிட்டோம். அவசரம். நான் முன்னால், வழக்கம் போல. அவர் பையைக் கொழுவியிருப்பார் என்று நான். நான் கொழுவியிருப்பேன் என்று அவர். படலையைத் தாண்டினோம், சாடியைத் தாண்டினோம்.

ஒன்பதாவது கி.மீ.யில் கல்வேலி அருகே நின்றார். “நீர் போம், ஒரு படம்.” கண்ணாடியில் கை பின்னால் போவது தெரிந்தது. பிறகு சும்மா நின்றார். அப்புறம் போனைத் தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் வந்தபோது முகம் ஒரு மாதிரி. கேட்டேன். “வெயில்” என்றார். தண்ணீர் குடித்தார். திரும்பிப் போவோமா என்று கேட்டேன். “இல்லை. மெதுவாப் போவம்.”

மெதுவாகத்தான் போனோம். கொரொய்ட் வந்தது, நிற்கவில்லை. பிறகு அந்தப் பச்சை நிற வீதி, எரிமலை வாயின் விளிம்பில் ஏறுகிற சந்து. ஒரு பக்கம் உருளைக்கிழங்கு, கறுப்பு மண். மற்றப் பக்கம் பள்ளத்துக்குள் ஏரி. வடிவுதான். அவ்வளவு வடிவான இடத்தில் இவ்வளவு பயப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது.

கண்ணாடியில் அவர் இல்லை.

திரும்பிப் போனேன். புல்லில் இருந்தார். சாம்பல் நிறம், வியர்வை, இடது கை மடியில். தினமும் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறேன். அந்த நிறம் எனக்குத் தெரியும்.

“குளிசை” என்றார்.

சீற்றுக்குக் கீழே கொழுக்கி மட்டும். பை இல்லை. அந்த நேரம் எனக்குள் ரோஸ்மேரிச் சாடி தெரிந்தது, இலை இலையாக.

அவசர நம்பர் மூன்று பூச்சியத்துக்கு அடித்தேன். ஒரு கோடு சிக்னல். அம்புலன்ஸ் என்றேன், டவர் ஹில் என்றேன், லைனில் இருந்தவள் வீதியின் பெயர் கேட்டாள். பெயர் தாளில். தாள் பையில். அவருக்குச் சொல்ல மூச்சு இல்லை. லைன் அறுந்தது. திரும்ப அடித்தேன், போகவில்லை. மேட்டுக்கு ஓடினால் சிக்னல் வரலாம், ஆனால் அவரை விட்டுவிட்டு ஓடவும் கால் வரவில்லை.

இந்த வீதியின் கணக்கு எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்து பார்த்தவள். மணிக்கு மூன்று வாகனம். அப்படியென்றால் இருபது நிமிஷத்துக்கு ஒன்று. அது சராசரிதான் என்று அவரே நூறு தரம் சொல்லியிருக்கிறார்.

முருகா முருகா என்று சொன்னேன். அவருக்கு முன்னால் சொல்லக் கூடாதென்று நினைத்தும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், பழக்கம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நிலம் அதிர்ந்தது. வளைவில் பால் பவுசர். அதே வெள்ளித் தாங்கி, அதே சக்கரங்கள், மூன்று கிழமையாக என் கனவில் வந்து என்னைப் பள்ளத்துக்குள் தள்ளினது. நான் ரோட்டு நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

நின்றது. தாடிக்கார மனிதன் குதித்து இறங்கினான். “யூ ரைட், லவ்?” என்றவன் கு.வைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டு வேலையில் இறங்கினான். அவனுடைய வண்டியில் பெரிய அன்ரெனா, லைன் கிடைத்தது. வீதியின் பெயர், எத்தனையாவது படலை, எல்லாம் சொன்னான். லைனில் சொன்னபடி தன் வண்டியிலிருந்து அஸ்பிரின் ஒன்று எடுத்துக் கொடுத்து, கடித்து மெல்லச் சொன்னான். அம்புலன்ஸ் வரும்வரை தன் தொப்பியால் கு.வுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றான். பெயர் கேட்க மறந்துபோனேன்.

இப்போது நோவு இல்லை. வயர்கள், மெஷினின் மணிச் சத்தம். டொக்டர் சின்னப் பெண். “இதற்கு முன் இப்படி வந்ததா?” என்று கேட்டா.

“நோ. ஃபர்ஸ்ட் டைம்” என்றார் கு.

நானும் தலையாட்டினேன். குளிசைப் போத்தலின் மூடியையே இன்னும் உடைக்கவில்லை என்று சொன்னேன். அதை எழுதிக்கொண்டா. அப்படியென்றால் அவசரம் குறைவு, இரண்டு இரவு வைத்துப் பார்த்துவிட்டு, சரியென்றால் திங்கள் வீட்டுக்கு அனுப்பலாம், மற்றச் சோதனைகளை மெல்பேணில் ஆறுதலாகச் செய்யலாம் என்றா.

என் பிழை. பையை வைத்தவள் நான். கு. அதைப் பற்றி ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும்.

ஞாயிறு, 9 நவம்பர்

காற்று. மோட்டல்காரி சொன்ன காற்று ஒரு நாள் பிந்தி வந்திருக்கிறது.

காலை முழுக்க ஆஸ்பத்திரியில். கு. பாதி ரோஸ்ற் பாண் சாப்பிட்டார், என்னைப் பார்த்துச் சிரித்தார். “பவுசர்காரனையும் சேர்த்தா அந்த மணித்தியாலம் ஒண்டுதான். என்ர கணக்குப் பிழை” என்றார். நர்ஸ்மாருக்கு அவரை நல்லாப் பிடித்துவிட்டது.

அக்கா நான்கு தரம் போன். எடுக்கவில்லை.

பின்னேரம் மோட்டலுக்கு வந்தேன், குளிக்கவும் சாமான் கட்டவும். மோட்டல்காரி பையை எடுத்து வைத்திருந்தாள். “சாடிக்குப் பின்னால் இருந்தது, உன்னுடையதா?”

கட்டிலில் கொட்டினேன். பேரீச்சம்பழம். தாள்கள். பெட்டி.

பெட்டியைத் திறந்தேன். ஏன் என்று தெரியாது. நேற்றுக் கையில் இருந்திருக்க வேண்டியதை ஒரு தரம் பிடித்துப் பார்க்க.

உள்ளே போத்தலின் மூடி உடைந்திருக்கிறது.

நான் உடைக்கவில்லை. கட்டிலில் துவாயை விரித்து அதன் மேல் கொட்டி எண்ணினேன். வேலையில் எண்ணுகிற மாதிரி, ஐந்து ஐந்தாக. நூறு இருக்க வேண்டும். எண்பத்தொன்று. திரும்ப எண்ணினேன். எண்பத்தொன்று.

பிறகு தாள்களை எடுத்தேன். பயிற்சி ஓடின தாள் எல்லாம் பின்னுக்குச் சேர்த்துக் கிளிப் அடித்திருக்கிறார். பென்சில் புள்ளிகள். மவுண்ட் கொட்ரல் ஏற்றத்தில் இரண்டு. பந்தய விடுமுறையன்று மூன்று. வெரிபி ஆற்றோரம் நான்கு. மொத்தம் பதினேழு. எல்லாம் ஏற்றத்தில், அல்லது எதிர்க்காற்றில். வடிவான இடம் ஒன்றுகூட இல்லை.

பதினேழு புள்ளி. பத்தொன்பது குளிசை. மற்ற இரண்டும் ரோட்டில் இல்லை. கராஜில். மழைக்குள் காற்று அடித்த அன்று, நான் இந்தப் பக்கம் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஒன்பதாவது கி.மீ.யில் கை பின்னால் போனது. பை இல்லையென்று அப்போதே தெரியும். சொல்லியிருந்தால் திரும்பியிருப்போம், ஒன்பது கி.மீ.தான். ஏன் திரும்ப வேண்டும் என்று நான் கேட்பேன். அதற்குப் பயந்து பன்னிரண்டு கி.மீ. ஓடினார். என் கேள்விக்குப் பயந்து.

எனக்கு இப்போது வருவது கோபமா பயமா என்று பிரிக்க முடியவில்லை. டொக்டரிடம் தலையாட்டியவள் நான்.

5.30க்குக் கு.வின் போன்.

“என்ன செய்யிறீர்?”

“நீங்கள் எடுத்த படங்களை எண்ணிக்கொண்டு இருக்கிறன்.”

அந்தப் பக்கம் மணிச் சத்தம்.

“எத்தினை?”

“பத்தொன்பது.”

மூச்சு விடுவது கேட்டது. பிறகு, “சொன்னா சைக்கிளைப் பூட்டிப் போடுவீர் எண்டுதான் முதல்ல சொல்லேல்லை. பிறகு கூடிக்கொண்டு போகச் சொல்லப் பயமா இருந்தது, சாந்தி. சொன்னா அது உண்மையாயிடும் மாதிரி.”

கிளிப்பைத் திரும்பத் தாள்களில் மாட்டினேன்.

“டொக்டருக்கு நாளைக்கு நானே சொல்லுறன்” என்றார். “காலமை வருவா. இப்ப வெளிக்கிடாதையும், காத்து.”

போனை வைத்தேன். குளிசைகளைத் திரும்பப் போத்தலுக்குள் போட்டு மூடினேன். தாள்களை மடித்தேன். குளிக்கவில்லை.

ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு. ஒரு மணித்தியாலம் கூட்டினால் ஐந்தரையிலிருந்து ஏழு. இப்போது 5.50. நடு ராகு காலம்.

போத்தலும் தாளும் கையில். டொக்டர் நாளைக்கல்ல, இன்றே இதைப் பார்க்க வேண்டும். காருக்குப் போகிறேன்.